இருபத்தோராம் நம்பர் ஊசி

சீட்டு முழுசாக மாற்ற
சிம்மக்கல்லில் மூவாயிரத்து இருநூறு கேட்டார்கள்.
கிழிந்தது ஒன்றரை முழம்.
மிச்சத்துக்கும் சேர்த்து நான் ஏன் அழ வேண்டும்?

விளக்குத்தூண் பக்கம் ரெக்சின் வாங்கினேன்.
கறுப்பு தீர்ந்துவிட்டது, கருநீலம்தான் இருந்தது.
நைலான் நூல் ஒரு கண்டு.
ஊசி கேட்டதும் கடைக்காரர்
ஜாக்கெட்டுக்கா என்றார்.
ஆட்டோவுக்கு என்றேன்.
இருபத்தோராம் நம்பர் எடுத்துத் தந்தார்,
கூடவே ஒரு பார்வை.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

மெஷின் பிரகாசியுடையது.
ஞானஒளிவுபுரத்தில் அவளுக்கும் எனக்கும் நடுவில்
ஒற்றைச் செங்கல் சுவர்.
"ரவிக்கை தைக்கிற மெஷின்டி இது,
எருமைக்கு எதிர்த்தாப்புல நிறுத்துறியே"
என்றாள். சொல்லிக்கொண்டே எண்ணெய் விட்டாள்.

முதலில் அவளுடைய பதினாறாம் நம்பரைப் போட்டுப் பார்த்தோம்.
இரண்டு மடிப்பைத் தாண்டியது.
மூன்றாவதில் டிக்கென்று போனது.
குழந்தை தவழும் வீடு.
இருவரும் தரையைத் தடவித் தடவி
கடைசியில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி காந்தம்
ஊசிமுனையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

பழைய உறையைப் பிரித்தபோது
ஸ்பாஞ்சுக்கடியில்
ஒரு எட்டணா, கொலுசுத் திருகு,
பொடி எழுத்தில் கெமிஸ்ட்ரி பிட்டு,
யாரோ உரித்து ஒட்டிய நெற்றிப்பொட்டு.
அப்புறம் அந்தக் கிழிசல்.
நைந்து கிழிந்தது கோணலாகத்தான் போகும்.
இது கோடு போட்டது மாதிரி
ஒரே இழுப்பு.
பிளேடு.

பிரகாசி என்னைப் பார்த்தாள்.
பள்ளிக்கூடப் பையனாக இருக்கலாம் என்றேன்.
பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நின்ற அந்தப் பெரிய மனுஷனாக இருக்கலாம்.
ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நிற்கும்
மூன்று வண்டியில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.
தெரிந்தால் மட்டும் தையல் நேராகிவிடுமா,
நீ விளிம்பைப் பிடி என்றேன்.

ரெக்சினில் குண்டூசி குத்தக் கூடாது.
துணி மறந்துவிடும், இது மறக்காது.
பிரித்துத் தைத்தால்
பழைய ஓட்டைகளில் மழை வந்து உட்காரும்.
அதனால் கொடியிலிருந்து கழற்றிய கிளிப்புகள்,
ஊசிக்கு மெழுகுவர்த்தி,
தையலை எட்டி எட்டி வைக்கும் திருகு.
கால் மிதித்தால் பெல்ட் வழுக்கியது.
சக்கரத்தைக் கையால் சுற்றினேன்,
கிணற்றில் கனமான வாளியை இழுப்பது போல
ஒவ்வொரு குத்தாக.
பாதத்தில் ரெக்சின் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது.
பிரகாசி செய்தித்தாளை நீளமாகக் கிழித்து
நடுவில் வைத்தாள்.
தைத்து முடித்துக் காகிதத்தை உருவினோம்.
மூலையில் கொஞ்சம் மாட்டிக்கொண்டது:
"மணமகன் தேவை, சொந்த வீடு".
கிடக்கட்டும்.

மூலைதான் மோசம். ஆறு மடிப்பு.
பூண்டு நசுக்கும் குழவியால்
அடித்து அடித்துப் படிய வைத்தோம்.
கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் திறந்து மூடினார்.
குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது.

சட்டப்படி பின்சீட்டில் மூன்று பேர்.
கல்யாண முகூர்த்தத்தில் ஐந்து பேர், ஒரு சீர்வரிசைத் தட்டு.
நான் தைத்தது அந்த ஐந்து பேருக்கும் தட்டுக்கும்.

ஒரு இடத்தில் ஒரு குத்து விட்டுப்போயிருக்கிறது.
அப்படியே விட்டுவிட்டேன்.

காலையில் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன்.
கறுப்புக்கு நடுவே கருநீலம்
வெயிலில் நன்றாகவே தெரிந்தது.
யாரு தைச்சா என்றான் தவமணி.
நான்தான் என்றேன்.
குனிந்து தையலை விரலால் ஓட்டிப் பார்த்தான்.
சுருளியாண்டியும் வந்து தட்டிப் பார்த்தார்.
மூன்றாவது ஆள் மட்டும்
ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அந்தப் பக்கம் பஸ்ஸும் வரவில்லை,
ஆளும் வரவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஆரப்பாளையம் சவாரி வந்தது, கிளம்பிவிட்டேன்.

பாக்கெட்டில் மிச்சம் இரண்டு ஊசி.
ஒன்று பிரகாசிக்கு.
இன்னொன்றை
வண்டியிலேயே, கண்ணாடி ஓர ரப்பரில்,
வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி
குத்தி வைத்திருக்கிறேன்.